பத்தொன்பதாவது சீட்டு

கேட்கவே கூடாது என்று வீட்டிலேயே முடிவு பண்ணிக்கொண்டு வந்தவள்தான் தேவகனி. ஆனால் ஜெப இல்லத்து வாசலைப் பெருக்கி முடித்து, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்த கையோடு கேட்டுவிட்டாள்.

"சிஸ்டர், நான் ரூபாவதிக்கு என்ன குறை வச்சேன்? ஏழு மாசமா என் முகத்தைக்கூடப் பாக்க மாட்டேங்கா."

யூனிஸ் சிஸ்டர் பாய்களை உதறி விரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது முப்பத்தாறு. தேவகனிக்கு ஐம்பத்து நான்கு. சின்னப் பிள்ளைக்கிட்டப் போய்ப் பாடம் கேட்கிறாளே என்று ஊரில் கேலி பேசாத ஆள் கிடையாது. தேவகனி அதையெல்லாம் காதில் வாங்குவதில்லை. சிஸ்டரிடம் அவளுக்கு வேறு ஒரு தொல்லைதான் உண்டு. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லித் தொலைக்க மாட்டார். ஒன்று, திருப்பிக் கேள்வி கேட்பார். இல்லையென்றால் கையில் ஒரு வேலையைக் கொடுப்பார்.

"என்ன குறை வச்சீங்க?" என்றார் சிஸ்டர்.

"அதைத்தானே நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன்! அவ காய்ச்சல்ல கிடந்தப்ப இருபது நாள் கஞ்சி வச்சுக் கொண்டு போனேன். அவ மக கல்யாணத்துக்கு மூணு நாள் அடுப்படியை விட்டு நகரல. பதிலுக்கு ஒரு டம்ளர் காப்பி வாங்கிக் குடிச்சிருப்பேனா அவகிட்ட?"

"குடிச்சதில்லையா?"

"ஒருநாளும் இல்ல சிஸ்டர்."

"அவங்க கொடுக்கலையா?"

"கொடுக்கத்தான் செய்வா. நாந்தான் வாங்குறதில்ல. நமக்கெல்லாம் எதுக்கு?"

சிஸ்டர் கடைசிப் பாயை விரித்துவிட்டு நிமிர்ந்தார். "கோபம் எப்ப வந்தது?"

"எனக்கு ஆபரேஷன் ஆச்சுல்லா, அதுக்குப் பிறகு."

அந்தக் கதை சிஸ்டருக்கும் தெரியும். ஆடி மாசம் தேவகனிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். மகன் சூரத்தில் இருக்கிறான். அவள் ஒரு பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு தனியாகவே பஸ் ஏறினாள். துணைக்கு ஆஸ்பத்திரியிலேயே ஓர் ஆயாவைக் கூலிக்கு வைத்துக்கொண்டு பதினோரு நாள் படுத்திருந்தாள். ஊரில் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. பிள்ளைப் பருவத்திலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த ரூபாவதிக்கு, மீன்காரி வந்து சொல்லித்தான் விஷயமே தெரிந்தது.

சிஸ்டருக்குத் தெரியாத கதை ஒன்றும் இருந்தது. தேவகனியின் இடது மார்பில் ஒரு கட்டி. ஊசியால் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை ரிசல்ட் வரும், கூட யாரையாவது கூட்டிக்கொண்டு வாங்க என்று டாக்டர் சொல்லியிருந்தார். யாரைக் கூட்டுவது? யாரையும் கூட்டுகிற உத்தேசம் அவளுக்கு இல்லை. ஆனால் மூன்று நாளாகச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

"சரி," என்றார் சிஸ்டர். "உள்ள வாங்க. சீட்டு எழுதணும்."

பார்த்தீர்களா, வேலை வந்துவிட்டது.

அன்று சாம்பல் புதன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து என்கிற நோன்பு நாட்கள் தொடங்கும்போது அந்த ஜெப இல்லத்தில் ஒரு பழக்கம் உண்டு. வருகிற பெண்கள் அத்தனை பேரின் பெயரையும் சீட்டில் எழுதி, பெயருக்குக் கீழே அவளவளுக்கு என்ன வேண்டும் என்றும் எழுதிப் போடுவார்கள். ஆளுக்கு ஒரு சீட்டு எடுப்பார்கள். யார் பெயர் வருகிறதோ அவளுக்காக நாற்பது நாளும் ஜெபிக்க வேண்டும். யாருக்கு யார் என்பது ஈஸ்டர் வரைக்கும் ரகசியம். ஜெபத்தோழி என்று அதற்குப் பெயர். தன் பெயரே வந்துவிட்டால் திரும்பப் போட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டும்.

தேவகனியின் கையெழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். அதனால் எழுதுவது எப்போதும் அவள்தான். போன வாரமே வீடு வீடாய்ப் போய் எல்லாரிடமும் தேவைகளைக் கேட்டு மனசில் பதிந்து வைத்திருந்தாள். கோயில் தெருவில் தொடங்கி வரிசையாக எழுதிக்கொண்டே போனாள். லில்லி, மூட்டுவலி. அன்னப்பழம், மகனுக்கு வேலை. ஞானசெல்வம், மருமகளோடு சமாதானம்.

"ரூபாவதிக்கு என்ன எழுத?" அவள் வீட்டுக்கு மட்டும் தேவகனி போகவில்லை.

"என்கிட்டச் சொன்னாங்க. மனக்கசப்பு தீரணுமாம்."

தேவகனி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். "மனக்கசப்பா? யார் மேல? என் மேலதானா?"

"அதை அவங்க சொல்லல."

தேவகனி எழுதினாள். எழுதி முடித்ததும் அதையே இரண்டு தரம் வாசித்தாள். கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. சிஸ்டர் அந்தச் சீட்டை வாங்கி நாலாக மடித்துத் தூக்குச்சட்டிக்குள் போட்டார். மற்றவற்றையும் அப்படியே ஒவ்வொன்றாக மடித்துப் போட்டார்.

"முடிஞ்சுதா அக்கா?"

"முடிஞ்சுது."

"எல்லாரும் வந்தாச்சா?"

"ஒருத்தர் விடாம வந்தாச்சு சிஸ்டர்."

சிஸ்டர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன இப்படிப் பார்க்கிறார், கன்னத்தில் மை ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று தேவகனி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

பத்து மணிக்கெல்லாம் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். தேவகனியையும் சேர்த்துப் பத்தொன்பது பேர். ரூபாவதி கடைசியாக வந்து, தேவகனி உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பாமல், வாசலோரமாகப் போய்ச் சிரமப்பட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே பாட்டுப்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடினவர்கள்.

ஜெபம் முடிந்து சிஸ்டர் தூக்குச்சட்டியை எடுத்தார். நேராகத் தேவகனியிடம் வந்தார்.

"எடுங்க அக்கா."

"ஐயோ, நான் எதுக்கு முதல்ல? எல்லாரும் எடுக்கட்டும். மிஞ்சினதை நான் எடுத்துக்கிடுதேன்."

"இந்தத் தடவை நீங்கதான் முதல்ல."

எல்லாரும் பார்க்கிறார்களே என்று கூச்சமாகப் போய்விட்டது. கையை விட்டு ஒன்றை எடுத்துப் பிரித்து, படித்துவிட்டு உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். லில்லியின் மூட்டுவலி. சட்டி கை மாறிப் போய்க்கொண்டே இருந்தது. சிலர் சிரித்தார்கள், சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். கடைசியில் அது ரூபாவதியிடம் வந்து சேர்ந்தது. அவள் உள்ளே கையை விட்டாள். துழாவினாள். சட்டியைக் கவிழ்த்தே பார்த்துவிட்டாள்.

"என்ன சிஸ்டர், ஒண்ணுமில்ல?"

அறையில் சலசலப்பு. யாராவது இரண்டு சீட்டைச் சேர்த்து எடுத்துவிட்டார்களா? இல்லை. கீழே விழுந்ததா? பாயைத் தூக்கிப் பார்த்தார்கள். அங்கேயும் இல்லை.

"அப்ப எனக்கு மட்டும் ஆள் இல்லையா?" என்றாள் ரூபாவதி. சிரிக்கிற மாதிரிதான் சொன்னாள், ஆனால் முகம் சிரிக்கவில்லை.

தேவகனிக்குப் பகீரென்றது. ஆண்டவரே, யார் பெயரை விட்டேன்? யாரோ ஒருத்தி நாற்பது நாளும் ஜெபிக்க ஆளில்லாமல் போய்விடுவாளே! அவள் விரலை மடக்கிக்கொண்டு கோயில் தெருவிலிருந்து மறுபடியும் தொடங்கினாள். லில்லி உண்டு. அன்னப்பழம் உண்டு. கிணற்றுத் தெருவில் நாலு பேரும் உண்டு. மேலத்தெருவில் ஏழு பேரும் உண்டு. யார்தான் அது?

"அக்கா," என்றார் சிஸ்டர், "உங்க பேரை எழுதினீங்களா?"

தேவகனி ஒரு நொடி விழித்தாள். பிறகு அப்படியே மூச்சை விட்டாள்.

"அட, என் பேரா? அப்பாடா! நல்லவேளை. நான் பயந்தே போயிட்டேன், யாரோ விட்டுப்போச்சோன்னு!"

பெண்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். தேவகனியும் சேர்ந்து சிரித்தாள். மனசு அவ்வளவு லேசாகிவிட்டது.

ரூபாவதி சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நல்லவேளையா? ஏளா தேவகனி, யாருக்குளா நல்லவேளை?"

ஏழு மாசத்தில் அவள் தேவகனியிடம் பேசின முதல் வார்த்தை அதுதான். சிரிப்பு நின்றுபோனது.

"பதினெட்டுப் பேருக்கு ஆள் கொடுத்துட்டு எனக்கு இல்லைன்னுட்ட. அன்னைக்கும் இதேதானே செஞ்ச? நீ கத்திக்குக் கீழ படுத்துக் கிடக்கே, மீன்காரி வந்து எனக்குச் சொல்லுதா. கூலிக்கு ஒருத்தி உன் தலைமாட்டுல உக்காந்திருந்தாளாமே. நான் என்ன, செத்தா போயிட்டேன்?"

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தேவகனி ஓடிப் போய், உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்த சீட்டை அவளிடம் நீட்டினாள்.

"அழாதளா. இந்தா, இதை நீ வச்சுக்கோ. எனக்கு வேண்டாம்."

ரூபாவதி அந்தக் கையைப் பார்த்தாள்.

"உன் பங்கையும் எனக்கே தாரியா?" என்றாள். "இதுக்கு நீ என்னை அடிச்சிருக்கலாம்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். வெயிலில், கிணற்றடியில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

சிஸ்டர் மற்ற பெண்களை மௌன ஜெபத்தில் உட்காரச் சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்கு வந்தார். தேவகனி அங்கே மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க மடிக்கும்போதே எண்ணினீங்களா சிஸ்டர்?"

"எண்ணினேன். பதினெட்டு."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எல்லாரும் வந்தாச்சான்னு கேட்டேன். ஒருத்தர் விடாமன்னு சொன்னீங்க."

"அவ கைதான் காலியா நிக்கும்னு தெரியுமா உங்களுக்கு?"

"யார் கைன்னு தெரியாது. யாரோ ஒருத்தர் கை காலியா நிக்கும்னு தெரியும். அதுக்காக அவங்ககிட்ட நான் மன்னிப்பு கேக்கணும்."

தேவகனி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள். சிஸ்டர் ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கிழித்து அவள் முன்னால் வைத்தார். பேனாவையும் வைத்தார். தேவகனி பேனாவைத் தொடவில்லை.

"ஊரு பேரெல்லாம் எழுதின கைதான். என் பேரை எழுத வர மாட்டேங்கு சிஸ்டர். நான் என்ன? ஒண்ணுமில்லாத தூசி. என் பேரை எழுதி அவ கையில கொடுத்து, எனக்காக நாப்பது நாள் முழங்கால் போடுன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்ல? நான் அதுக்குத் தகுதியான ஆளா? நீங்களே சொல்லுங்க."

சிஸ்டர் ஜன்னல் வழியாகக் கிணற்றடியைப் பார்த்தார்.

"நீங்க தூசியா இல்லையாங்கிறதை நீங்களும் ஆண்டவரும் சாவகாசமா உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க அக்கா. அதுவரைக்கும் அவங்க வெறுங்கையோட வெயில்ல நிக்கணுமா?"

தேவகனியும் வெளியே பார்த்தாள். பேனாவைத் திறந்தாள்.

பெயர் சீக்கிரமாகவே விழுந்துவிட்டது. பெயருக்குக் கீழே எழுதத்தான் நேரமாயிற்று. எழுதினாள். மடித்தாள். கிணற்றடிக்குப் போனாள்.

"ரூபா. இந்தா."

ரூபாவதி வாங்கினாள். பிரித்தாள். கையை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்தாள், கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள்.

"கண்ணாடி வீட்டுல கிடக்கு. நீயே வாசி."

தேவகனி இதை எதிர்பார்க்கவில்லை. சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"தேவகனி," என்று வாசித்தாள்.

"அது தெரியும். கீழ?"

"கீழ..." கிணற்றடியில் வேறு யாரும் இல்லையே என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "மார்பில் கட்டி. திங்கட்கிழமை ரிசல்ட். பயமாக இருக்கிறது."

ரூபாவதி அவள் கையிலிருந்த சீட்டை மெல்ல வாங்கி, மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள்.

"எத்தனை மணி பஸ்?"

"ஏழரை."

"ஏழு மணிக்கே நான் வந்திருவேன். ரெண்டு பேருக்கும் இட்லி கட்டிக் கொண்டு வாரேன். நீ அடுப்புப் பத்த வைக்கக் கூடாது, கேட்டியா?"

நமக்கெல்லாம் எதுக்கு என்று சொல்லத் தேவகனி வாயைத் திறந்தாள். பிறகு, "சரிளா," என்றாள்.