முதல் விதி

செபஸ்தியான் வேலை கற்க வந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கற்றுக்கொடுத்த ஷம்சாத்துக்கு முப்பத்தொன்று. அந்த மலை ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வெளியே போக இரண்டு வழிகள்: வேகமான கேபிள், ஆமை வேகத்து செல்போன் டவர். எது எந்த வழியில் போக வேண்டும் என்று ரவுட்டரில் விதி எழுதுவது அவர்கள் வேலை.

ஒரு நாள் காலை செபஸ்தியான் முகமே சரியில்லை.

"மேடம், ஸ்கேன் படமெல்லாம் கேபிள்ல போகணும்னு நாப்பது விதி எழுதிட்டேன். எல்லாம் டவர்லயே போகுது."

"இன்னொண்ணு எழுதுங்க."

எழுதினார். படம் அதே டவரில் முக்கி முக்கிப் போனது. அவருக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"என் ராசியே இதுதான். ரெஜினாவுக்கும் அனுப்பிக்கிட்டேதான் இருக்கேன். ஒரு பதில் உண்டா?"

ரெஜினா அவருடைய ஒரே மகள். தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு போய் மூன்று வருடமாகிறது. பேத்தியை அவர் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் அவளோ என்று ஓடி ஓடி, ஏக்கத்திலேயே பாதி ஆளாகிவிட்டார்.

ஷம்சாத் திரையில் விதிகளின் பட்டியலை உச்சிவரை நகர்த்தினாள்.

"முதல் விதியைப் படிங்க."

"யார் அனுப்பினாலும், எங்கே அனுப்பினாலும், டவர் வழி." அவர் நெளிந்தார். "நான் எழுதினதுதான். மழையில கேபிள் அறுந்த அன்னிக்கு, அவசரத்துல. சரியானதும் கீழே நல்லபடியா எழுதிட்டேனே."

"ரவுட்டர் மேலேருந்து படிக்கும். ஒண்ணு பொருந்திட்டா அதோட நிறுத்திடும். கீழே நீங்க எழுதின எதையும் அது பார்க்கவே இல்ல."

அவர் அந்த வரியை அழித்தார். படம் கேபிளில் சட்டென்று போய்ச் சேர்ந்தது.

"அண்ணே, ரெஜினா வீட்டை விட்டுப் போன அன்னிக்கு என்ன சொன்னீங்க?"

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

"செத்தாலும் என் மூஞ்சில முழிக்காதேன்னேன். கோவத்துல வந்தது மேடம். அதுக்கப்புறம் கிறிஸ்துமஸுக்குச் சேலை அனுப்பினேன். பேத்திக்குக் கொலுசு அனுப்பினேன். தினமும் மெசேஜ் போடறேன்..."

"அதெல்லாம் கீழே இருக்கு, அண்ணே."