வாசலிலிருந்து மூன்றாவது கல்

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைத் தோட்டங்கள் முடிகிற இடத்தில் ஒரு ஜெப வீடு இருந்தது. மதியத்துக்குப் பிறகு மேகம் இறங்கி அதன் முற்றத்தில் உட்கார்ந்துகொள்ளும். அப்போது வருகிறவர்களின் காலடி முதலில் கேட்கும். ஆள் பிறகுதான் தெரிவார்.

அந்த வீட்டை நடத்தியவர் சுகிர்தம். வயது முப்பத்தாறு. அவரைவிட மூத்தவர்களும் அவரை அக்கா என்றே அழைத்தார்கள். பியூலாவும் அப்படித்தான். பியூலாவுக்கு நாற்பத்தொன்று.

சனிக்கிழமைதோறும் பியூலா அங்கே வருவாள். அந்த வாரம் மகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்து வாசிப்பாள். சுகிர்தம் கேட்டுக்கொண்டிருப்பார். பெரும்பாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

மகள் பெயர் தபித்தாள். ஒன்பது வயது. அப்பா ஞானமுத்து காரட் லாரி ஓட்டியவர். போன வருஷ மழையில் மலைப்பாதை சரிந்தபோது இறந்துபோனார். அன்றிலிருந்து தபித்தாள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். பேசினாள், சாப்பிட்டாள், கணக்கும் போட்டாள். ஆனால் எழுத்தின் முன்னால் வாய் திறப்பதில்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் அப்படியே நின்றாள், மணி அடிக்கும்வரை. பியூலா அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு, தானே சொல்லித்தரத் தொடங்கினாள். எட்டு மாதம் ஆகிறது.

அந்தச் சனிக்கிழமை சுகிர்தம் முறத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். தபித்தாள் வெளியே வேலியோரம் நின்றாள். மேகத்தில் அவளுடைய சிவப்பு ஸ்வெட்டர் மட்டும் தெரிந்தது.

"அக்கா, இதுதான் கடைசி வாரம்" என்றாள் பியூலா.

சுகிர்தம் நிமிர்ந்து பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை எங்க அண்ணன் வர்றார். பாளையங்கோட்டையில ஹாஸ்டல்ல சேர்க்கலாம்னு சொல்றார். எனக்கும் அதுதான் சரின்னு படுது. என்னால முடியலக்கா."

"வாரத்தை வாசிங்க" என்றார் சுகிர்தம்.

பியூலா நோட்டைத் திறந்தாள்.

"திங்கள். ஜெபத்தோட ஆரம்பிச்சோம். பின்னக் கணக்கு. ஒரு ஆரஞ்சுப் பழத்தை எட்டாப் பிரிச்சு வச்சேன். கணக்கு வந்துச்சு. வாசிப்பு இல்ல.

"செவ்வாய். மனப்பாட வசனம். பத்துத் தடவை நான் சொன்னேன். அவ உதடு அசைஞ்சுது. சத்தம் வரல.

"புதன். மழை. கரண்ட் இல்ல. அடுப்படிக்குள்ள ஒரு தவளை வந்துச்சு. அதை வச்சுப் பாடம் நடத்தினேன். படம் வரைஞ்சா. படத்துக்குக் கீழே பேர் எழுதச் சொன்னேன். எழுதினா. வாசிக்கச் சொன்னேன். பென்சிலைக் கீழே வச்சுட்டா.

"வியாழன். பாடம் நடக்கல.

"வெள்ளி. நான் கோபமா இருந்தேன். அவளும்."

நோட்டை மூடினாள். சுகிர்தம் ஒரு காயைப் பிளந்தார். மணிகள் முறத்தில் உருண்டன.

"வியாழக்கிழமை என்ன?"

"ஒண்ணும் இல்லக்கா. நான் கொஞ்சம் தைச்சுக்கிட்டிருந்தேன். நிமிர்ந்து பாத்தா ஆளைக் காணோம். மேகம் வேற. பக்கத்து வீடு, டீக்கடை, பால் சொசைட்டி எல்லாம் போய்த் தேடினேன். ரெண்டு மணி நேரம். அந்தச் சரிவுப் பக்கம் போயிருப்பாளோன்னு நினைச்சதும் பேரைச் சொல்லிக் கத்த ஆரம்பிச்சுட்டேன்."

"எங்கே இருந்தா?"

"கல்லறைத் தோட்டத்துல. யாரோ ஒரு பொம்பளையோட தரையில உட்கார்ந்திருந்தா. கை ரெண்டும் ஒரே மண்ணு, பாசி. பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். முதுகுல ஒண்ணு வச்சேன். இதுவரைக்கும் அடிச்சதில்ல."

"கையில ஏன் மண்ணு?"

"விளையாடியிருப்பா."

"கேட்டீங்களா?"

பியூலா வேலிப் பக்கம் பார்த்தாள்.

"போய்க் கேட்டுட்டு வாங்க" என்றார் சுகிர்தம். "உரிச்சு முடிக்க எனக்கு இன்னும் நேரம் ஆகும்."

பியூலா முற்றத்தைக் கடந்து போனாள். வேலியோரம் போய்ச் சேருவதற்குள் பின்னால் இருந்த வீடு மறைந்துவிட்டது. சிவப்பு ஸ்வெட்டர் நகராமல் நின்றது.

"தபித்தா."

"ம்."

"வியாழக்கிழமை அங்கே என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

சிறுமி வேலியில் தொங்கிய நீர்த்துளியை விரலால் தொட்டாள்.

"அந்தம்மாவுக்கு அவங்க தங்கச்சி கல்லைக் கண்டுபிடிக்கணும். வழியில என்னைக் கேட்டாங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது."

"அதுக்கு?"

"நான் படிச்சேன்."

பியூலாவுக்குச் சரியாகக் காதில் விழாததுபோல் இருந்தது. மேகத்தில் சில சமயம் அப்படித்தான் ஆகும்.

"மனசுக்குள்ளயா?"

"இல்லம்மா. சத்தமா. அவங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"எத்தனை கல்லு?"

"பதினேழு. பதினேழாவதுதான் அவங்க தங்கச்சி. நேசமணி. அது பூராப் பாசி. கையால தேச்சுத் தேச்சுப் படிச்சேன். அவங்க அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. நானும் கூட உட்கார்ந்திருந்தேன். அப்பதான் நீ வந்தே."

பியூலா ஈரப் புல்லில் உட்கார்ந்தாள். அவளுடைய கை தானாக மகளின் முதுகுக்குப் போய் அங்கேயே நின்றது.

"எட்டு மாசமா நான் கேக்கறேனே, ஒரு வரி வாசிக்கலையே நீ?"

"உனக்குத்தான் படிக்கத் தெரியுமேம்மா."

எங்கோ கீழே ஒரு பஸ் வளைவில் ஹாரன் அடித்தது.

"முதல்ல எந்தக் கல்லு படிச்சே?" பியூலா மெதுவாகக் கேட்டாள்.

"வாசல்லேருந்து வரிசையாப் போகலாம்னு அந்தம்மா சொன்னாங்க. முதல் ரெண்டும் இங்கிலீஷ். துரைமாருங்க கல்லு. மூணாவது அப்பா."

"படிச்சியா?"

"உடனே படிக்கல. நின்னேன். அவங்க அவசரப்படுத்தல. அது யாருன்னு அவங்களுக்குத் தெரியாது. பக்கத்துல சும்மா நின்னாங்க. அப்புறம் படிச்சேன். அதுக்கப்புறம் மத்ததெல்லாம் கஷ்டமாவே இல்ல."

தபித்தாளும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அதுல ஒரு தப்பு இருக்கும்மா."

"எதுல?"

"அப்பா பேர்ல. ரெண்டு சுழி ன போடணும். மூணு சுழி ண போட்டிருக்காங்க. ஞாணமுத்துன்னு இருக்கு." சிறுமி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "நீதான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போறியே. பாக்கலையா?"

பியூலா எழுந்தாள். சேலையில் ஒட்டிய புல்லைத் தட்ட நினைத்து, தட்டாமல் நடந்தாள்.

சுகிர்தம் உரித்து முடித்திருந்தார். தோல்களைத் தனியே ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னா?"

பியூலா சொன்னாள். பதினேழு கல், பாசி, காது மந்தமான அந்த அம்மா, அப்பாவின் பெயர். ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"அந்தக் கல்லை அண்ணன்தான் அடிக்கக் கொடுத்தாரு" என்றாள் பியூலா. "நட்டு வச்ச அன்னைக்கும் நான் குனிஞ்சே நின்னேன். வாராவாரம் பூ கொண்டு போறேன். கண்ணை மூடிக்கிட்டுதான் வைப்பேன். ஜெபம் பண்றேன்னு எல்லாரும் நினைச்சுக்குவாங்க. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

முற்றத்தில் மேகம் இன்னும் கலையவில்லை. வேலியோரத்திலிருந்து ஏதோ முணுமுணுப்பு வந்தது. தபித்தாள் தனக்குத்தானே எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். பாட்டா, வசனமா, பெயர்களா என்று தெரியவில்லை.

"நான் இதுவரைக்கும் அந்தக் கல்லைப் படிச்சதே இல்லக்கா" என்றாள் பியூலா.

சுகிர்தம் முறத்தை ஓரமாக வைத்தார்.

"செவ்வாய்க்கிழமை அண்ணன் வருவாரு. அவர்கிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"அதுக்கு முன்னால ஒரு திங்கட்கிழமை இருக்கே."

"திங்கட்கிழமை என்ன பாடம் வைக்கட்டும்?"

"நீங்க வைக்க வேண்டாம். அவளைக் கூட்டிக்கிட்டு அந்த மூணாவது கல்லுக்குப் போங்க" என்றார் சுகிர்தம். "உங்களுக்கு அதைப் படிக்க வாய் வர நேரம் ஆனாலும் அவ அவசரப்படுத்த மாட்டா."