புல் திருடனைப் பிடித்த மாடுகள்

மேலைக்காட்டை ஆண்ட செங்கோட மகாராசாவுக்குத் தன் மாடுகள் என்றால் உயிர். மந்திரி அம்பலவாணருக்கோ சுத்தம் என்றால் உயிர், அதிலும் அடுத்தவர் இடத்துச் சுத்தம்! "அரச மாடுகள் மேயும் காட்டில் சாணி கிடக்கலாமா? நாடே சிரிக்கும்" என்று ராசா காதில் ஓதினார். ராசாவும் ஆணை போட்டார். அன்றிலிருந்து மேய்ச்சல் காட்டில் விழுந்த சாணியெல்லாம் சூடு ஆறுமுன் கூடையேறி மந்திரி வீட்டுப் பக்கம் போனது.

இரண்டு மழைக்காலம் போயிற்று. காட்டில் புல் வரவில்லை. மாடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது.

"மேய்ப்பன் பொம்மையன்தான் புல்லை அறுத்து விற்றுவிட்டான். குடும்பத்தோடு நாடு கடத்துங்கள்" என்றார் மந்திரி.

பொம்மையன் சபை நடுவே விழுந்தான். "சாமி, நான் ஒரு கத்தைகூடத் தொடலீங்க. புள்ளகுட்டியோட எங்கீங்க போவேன்?"

சபையில் வேடிக்கை பேசியே சோறு தின்பவர் குயிலப்பன். அவருக்கே இது பொறுக்கவில்லை. ஆணை தப்பு என்றால் தன் தலை போகும். சும்மா இருந்தால் இவன் குடும்பம் தெருவுக்கு வரும்.

"மகாராசா, புல் திருட்டுப் போனது நிஜம். சாட்சிகள் பட்டியில் நிற்கிறார்கள். அவிழ்த்துவிடுங்கள், திருடனைக் காட்டுவார்கள்."

"மாடு சாட்சி சொல்லுமா?" என்று மந்திரி இளித்தார்.

"சொல்லும். பசியில் இருக்கிறது, பொய் சொல்லத் தெம்பில்லை."

பட்டியைத் திறந்தார்கள். மாடுகள் மூக்கைத் தூக்கின. நேரே மந்திரி வீட்டுக்கு ஓடி, கதவை முட்டித் தள்ளி, பூந்தோட்டத்தில் புகுந்தன. ராசாவும் சபையும் பின்னாலேயே ஓடினார்கள். உள்ளே செவ்வந்திச் செடிகளை மூடிக்கொண்டு இடுப்பளவு கொழுக்கட்டைப் புல்!

"என் காட்டுப் புல்லாயிற்றே! இங்கே எப்படி?"

குயிலப்பன் சொன்னார்: "மாடு தின்ற புல்லின் விதை சாணியோடுதானே விழும், மகாராசா? விதையையும் எருவையும் சேர்த்து இங்கே கொட்டினால் காடு இங்கேதான் முளைக்கும்."

ராசா பொம்மையனுக்குத் தன் சால்வையையே போர்த்தினார். ஆணை போட்டது தான்தான் என்பது மட்டும் அவருக்கு வசதியாக மறந்துபோயிற்று.

மாடுகள் வயிறு நிறைந்து தோட்டமெங்கும் சாணி போட்டன. "அம்பலவாணரே, அத்தனையையும் நீரே சுமந்துபோய் என் காட்டில் போடும்!" என்றார் ராசா.

"நானா? சாணி அள்ளுவதா?"

குயிலப்பன் கூடையை நீட்டினார். "பிடியுங்கள், மந்திரியாரே. அள்ளுவது உங்களுக்குப் புதிதா என்ன?"