நாற்பது அழைப்பிதழ்கள்

"பதின்மூன்று மொழிகளில் அந்தச் சொல் இருக்கிறது, அன்னையே. என் வீட்டில் மட்டும் இல்லை."

ராதொஸ்லாவ் இப்படித்தான் பேச்சை ஆரம்பித்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அன்னை பெலாகியா கோதுமை வேகும் பானையைக் கிளறிக்கொண்டிருந்தார். மொராவா ஆற்றங்கரையில் இருந்த சிறிய மடத்துக்கு அவர்தான் தலைவி. ராதொஸ்லாவைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் மனம் குழம்பியவர்கள் அவரிடம்தான் போனார்கள்.

"எந்தச் சொல்?"

"ஸ்லாவா. மகிமை. ரஷ்யன் சொல்கிறான், போலந்துக்காரன் சொல்கிறான், செக் நாட்டானும் பல்கேரியனும் சொல்கிறார்கள். ஆளுக்கொரு விதமாக நாக்கு வளைகிறது, சொல் ஒன்றுதான். நாற்பது வருஷம் அதன் பின்னால் அலைந்து ஒரு புத்தகம் எழுதினேன்."

"தெரியும். கனமான புத்தகம். முட்டைக்கோஸ் ஊறுகிற பீப்பாயின் மேல் அதைத்தான் வைத்திருக்கிறேன்."

பேராசிரியர் சிரிக்கவில்லை.

செர்பியர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர். அவருடைய நாளில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள், ரொட்டி வெட்டுவார்கள், இனிப்பிட்ட கோதுமையை வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். அந்த நாளுக்கும் ஸ்லாவா என்றுதான் பெயர். அது அப்பனிடமிருந்து மகனுக்கு வரும்.

பல்கலைக்கழகத்தை விட்டு அப்பாவின் வீட்டுக்குத் திரும்பிய பிறகு ராதொஸ்லாவ் மூன்று ஸ்லாவா நடத்திவிட்டார்.

"முதல் வருஷம் ஏழு பேர் வந்தார்கள். அடுத்த வருஷம் மூன்று. போன வருஷம் ஒரு பூனை."

"பூனைக்கு மீன் வைத்தீர்களா?"

"அன்னையே, விளையாடாதீர்கள். நாளைக்கு எங்கள் நாள். நாளைக்கும் ஒருவரும் வராவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டுத் தலைநகருக்கே போய்விடுவேன். ஏழு தலைமுறை ஏற்றிய மெழுகுவத்தி என்னோடு அணைந்துபோகும்."

அவர் மேலங்கிக்குள் கைவிட்டு ஒரு காகிதக் கட்டை எடுத்து நீட்டினார். தடித்த தாள், பொன் விளிம்பு.

"வழக்கம்போல நாற்பது அழைப்பிதழ்கள். இந்த முறை உங்கள் கையால் ஆசீர்வதித்து இன்றைக்கே அனுப்பிவையுங்கள். உங்கள் பேச்சை யாரும் தட்டமாட்டார்கள்."

அன்னை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நீதிபதி. மருந்துக்கடைக்காரர். பள்ளி ஆய்வாளர்.

"உங்கள் பக்கத்து வீட்டில் யார்?"

"ஸ்தானா. ஆடு வளர்க்கிறவள்."

"அவளுடையது எது?"

"அடுத்த வீட்டுக்காரிக்கு எதற்கு அழைப்பிதழ்?"

"நீதிபதிக்கு எதற்கு?"

அவர் வாய் திறப்பதற்குள் அன்னை அடுப்பின் கதவைத் திறந்து நாற்பதையும் உள்ளே போட்டார். பொன் விளிம்பு பச்சையாக எரிந்தது.

"ஐயோ! அத்தனையும் நான் கைப்பட எழுதியது!"

"நல்ல கையெழுத்து. கோதுமை சீக்கிரம் வெந்துவிடும்."

"இனி அவர்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்கள் வீட்டு நாள் இந்த ஊருக்கு இருநூறு வருஷமாகத் தெரியும், பேராசிரியரே. ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. நாற்பது பேரைக் கூப்பிட்டால், மற்றவர்களை வராதே என்கிறீர்கள். கூப்பிட்டவர்களோ, இது நம் ஊர் வழக்கமில்லையே என்று முகம் சுளிக்கிறார்கள். உங்கள் அப்பா யாரையாவது கூப்பிட்டாரா?"

"தெரியவில்லை. அந்த நாட்களில் நான் மாடியில் படித்துக்கொண்டிருப்பேன்."

பானை கொதித்தது.

"அப்படியானால் நான் என்ன செய்யட்டும்?"

"கதவைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் நில்லுங்கள்."

"எவ்வளவு நேரம்?"

"அன்றைக்கு வீட்டுக்காரர் உட்காருவதில்லை."

மறுநாள் பனி பெய்தது. ராதொஸ்லாவ் மெழுகுவத்தியை ஏற்றி, கதவை அகலத் திறந்து, அருகில் நின்றார். பனி உள்ளே வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

பத்து மணி. பதினொன்று. நாற்காலியைப் பார்த்தார். நாற்காலியும் அவரைப் பார்த்தது.

நண்பகலில் படகோட்டி ஸ்ரேதென் வந்தார். எண்பதை நெருங்கும் கிழவர். ஒரு வால்நட் மரத்துக்காக ராதொஸ்லாவின் அப்பாவை நீதிமன்றம் வரை இழுத்தவர்.

"ஸ்லாவா வாழ்த்துகள், வீட்டுக்காரா."

ராதொஸ்லாவ் கோதுமைக் கிண்ணத்தை நீட்டினார். கிழவர் சிலுவைக்குறி போட்டு ஒரு கரண்டி எடுத்து மென்றார்.

"உன் அப்பனோடு பதினோரு வருஷம் நான் பேசவில்லை. ஆனால் அவன் ஸ்லாவா ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை."

"பேசாமல் எப்படி வந்தீர்கள்?"

"வாயை மூடிக்கொண்டுதான். சாப்பிடும்போது மட்டும் திறப்பேன்."

"என் வீட்டுக்கு மூன்று வருஷமாக வரவில்லையே?"

"பொன் காகிதம் வந்தவனுக்குத்தான் இடம் என்று ஊரில் சொன்னார்கள். என் படகுத்துறைக்குக் காகிதம் வரவில்லை. இன்றைக்கு யாருக்குமே வரவில்லையாம். சரி, பையனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று கிளம்பினேன்."

அறுபத்து மூன்று வயதுப் பையன் தலைகுனிந்து மீன் சூப்பை ஊற்றினார்.

ஸ்ரேதென் உள்ளே போனதை ஊர் பார்த்திருக்க வேண்டும். ஸ்தானா வந்தாள், ஆட்டு வாசனையோடு. மணியடிப்பவர் வந்தார். அவருடைய மூன்று மருமகள்கள் வந்தார்கள். மாலைக்குள் முப்பது பேர். நீதிபதியும் வந்து, இடமில்லாமல் விறகுப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். ராதொஸ்லாவின் கால்கள் வலித்தன. கவனிக்க நேரமில்லை.

எல்லாரும் எழுந்து, கோப்பையைத் தூக்கி, மகிமை பாடினார்கள். ஸ்லாவா, ஸ்லாவா என்று கூரை அதிர்ந்தது.

அப்போது வாசலில் ஒருவன் நின்றான். முதுகில் கம்பிச் சுருள், ஓட்டைப் பாத்திரங்கள். வடக்கே ஸ்லோவாக்கியர் நாட்டிலிருந்து ஊர் ஊராக நடந்து பாத்திரம் சீர்படுத்துகிறவன். தன் மொழியிலேயே பேசினான். பேராசிரியருக்கு அது புரிந்தது.

"சாலையில் போனேன், ஐயா. நீங்கள் பாடியதில் ஒரே ஒரு சொல்தான் விளங்கியது. அதனால் நின்றுவிட்டேன்."

அந்தச் சொல்லைத் தன் ஊர் வழக்கப்படி முதல் உயிரெழுத்தை நீட்டிச் சொல்லிக் காட்டினான். ராதொஸ்லாவின் கை தானாகப் பென்சில் இருந்த சட்டைப்பைக்குப் போனது.

"இது யாருடைய வீடு?" என்று கேட்டான் அவன்.

ராதொஸ்லாவ் இரண்டு கைகளாலும் அவன் முதுகுச் சுமையை இறக்கினார்.

"பேச்சு அப்புறம். வாருங்கள், சூப் ஆறுகிறது."