மூக்கு உயரம்

"காத்துல ஒரு குறையும் இல்ல மேடம். குறையெல்லாம் அந்தப் பொம்பளைகிட்டதான்" என்று பொரிந்து தள்ளினான் சீடன்.

சீடனின் பெயர் செங்கல்வராயன். ஒரு செருப்புக் கம்பெனியில் பாதுகாப்பு அதிகாரி. குரு, பேராசிரியர் ஹசீனா. விஷம் உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்று கற்பிப்பவர். சீடனைவிட வயதில் இளையவர். குருவுக்குத் தாடி வேண்டும் என்பவர்கள் வேறு கதை தேடிக்கொள்ளலாம்.

"எந்தப் பொம்பளை?"

"பச்சையம்மான்னு ஒருத்தி. செருப்பு சோலுக்கு சொல்யூஷன் தடவுற வேலை. கால் மரத்துப் போச்சுங்கறா. நேத்து ஒத்தச் செருப்போட ரோடு வரைக்கும் நடந்து போயிருக்கா. கேட்டா, கழண்டதே தெரியலையாம். நாடகம் மேடம்!"

"காத்தை அளக்குற கருவி என்ன சொல்லுது?"

"சொல்யூஷன்ல இருந்து வர்ற ஆவிக்கு விதிச்ச அளவுல பாதிகூட இல்ல. இன்னிக்கு நான் கையெழுத்துப் போட்டா அறிக்கை முடிஞ்சுது. வைத்தியம், நஷ்ட ஈடு எதுவும் கிடையாது. வீட்டுக்குப் போன்னு அனுப்பிடுவாங்க."

குரு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க பேரனுக்குக் காய்ச்சல் வந்தா, நீங்க போடற முழு மாத்திரையை அப்படியே குடுப்பீங்களா?"

"ஐயோ, எப்படி மேடம்? சின்ன உடம்பாச்சே."

"வீட்டுல இருக்கிற இந்த புத்தி, கம்பெனி கேட்டுக்குள்ள போனதும் எங்க போவுது?"

சீடனுக்குச் சுருக்கென்றது. ஆனால் புரியவில்லை.

"வாங்க, போலாம்" என்று குரு எழுந்தார்.

கம்பெனியின் வேலைக் கூடம் பெரியது. வாசலில் செருப்புகள் கிடந்தன. உள்ளே பெண்கள் வெறுங்காலுடன் தரையில் வரிசையாக உட்கார்ந்து, டப்பாவில் பிரஷ்ஷைத் தோய்த்துப் பசை தடவிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பசையைத்தான் சொல்யூஷன் என்பார்கள். கருவி ஒரு தூணில் தொங்கியது.

"ஏன் இவ்ளோ உயரத்துல மாட்டியிருக்கீங்க?"

"முறைப்படிதான் மேடம். ஆள் மூக்கு உயரம்."

"எந்த ஆள்?"

"ஆள்னா... ஆள்தான்."

குரு கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். நின்றுகொண்டிருந்தவர்கள் அவர், சீடன், மேனேஜர். அவ்வளவுதான்.

குரு, சீடன் காட்டிய பச்சையம்மாவின் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப என் மூக்கு எங்கன்னு தேடுங்க."

கதை சொல்லும் எனக்கே இந்த இடத்தில் வயிறு எரிகிறது. இத்தனை பெண்கள் தரையில் உட்கார்ந்து வேலை செய்வதைத் தினமும் பார்த்தவன், கருவியைத் தன் மூக்குக்கு நேராக மாட்டியிருக்கிறான். பழி அவள்மேல். படித்தவன் வேறு.

சீடன் கருவியைக் கழற்றி, பச்சையம்மாவின் மடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான்.

எண் ஏறியது. விதித்த அளவைத் தாண்டியது. கருவி வீல் என்று கத்தத் தொடங்கியது.

"அந்த ஆவி காத்தைவிடக் கனம்" என்றான் சீடன். குரல் இறங்கிவிட்டது. "கீழதான் தங்கும். பரீட்சையில எழுதியிருக்கேன்."

"முழு மார்க்கும் போட்டேன்" என்றார் குரு. "என்னைச் சொல்லணும்."

மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டே வந்தார். "தரையில வச்சா அது அப்படித்தான் சார் கத்தும். எடுத்து மேல மாட்டுங்க."

"மாட்டலாம்" என்றார் குரு. "இவங்களையும் எடுத்து மேல மாட்டிடுவீங்களா?"

சாப்பாட்டு மணி அடித்தது. பெண்கள் எழுந்தார்கள். பச்சையம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

மேனேஜர் சீடனை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போய் அறிக்கையை நீட்டினார். "பழைய நம்பர்தான் இருக்கே சார். அதுக்கே கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஊர்ல இல்லாத வழக்கத்தை நாம எதுக்குக் கிளப்பணும்?"

சீடன் பேனாவைத் திறந்தான்.

பச்சையம்மா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களைக் கடந்து போனாள். அவள் போன வழியில் ஒரு செருப்பு தனியாகக் கிடந்தது. அவள் நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

மேனேஜர் சிரித்தார். "ஆரம்பிச்சுட்டா பாருங்க, நாடகத்தை."

அது சீடன் காலையில் சொன்ன அதே சொல். இப்போது காதில் விழுந்ததும் அவனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அறிக்கையை மேனேஜர் கையிலேயே விட்டுவிட்டு, செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினான்.

"கொஞ்சம் நில்லும்மா."

அவள் நின்றாள். அவன் அவள் காலடியில் குந்தினான். அவள் கண்ணெல்லாம் மேனேஜர்மேல் இருந்தது.

"வேலையை விட்டு எடுத்துடாதீங்க சார். நான் பொய் சொல்லல" என்றாள்.

திறந்த பேனாவின் முனையை அவள் வெறுங்காலின் கட்டைவிரலில் வைத்து அழுத்தினான். விரலில் மை இறங்கியது. இன்னும் அழுத்தினான்.

"குத்துதாம்மா?"

"நீங்க இன்னும் தொடவே இல்லியே சார்."