துண்டுக்கு அடியில் ஐந்து விரல்

"இவள இங்கியே உட்டுட்டுப் போறனுங் சாமி. இனி என்னால ஆகாது."

நாச்சிமுத்து மாட்டுத் தரகன். ஐம்பது வயது. ஆசிரமத்துக் குரு அவனைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் சந்தை முடிந்த மறுநாள் தவறாமல் வந்து அவர் காலடியில் உட்காருவான். ஊரில் வேறு யாருக்கும் பணியாத தலை அது.

அன்று மகளையும் இழுத்து வந்திருந்தான். கவுசி. ஒன்பது வயது. இடது கையில் கட்டு.

என்ன நடந்தது என்று குரு கேட்டார்.

அவன் அடுக்கினான். சந்தைக்கு வண்டியேற்ற நிறுத்தியிருந்த மாடுகளை அவிழ்த்துவிட்டாள். அப்பா செத்துப்போனார் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னாள். மாலையோடு வந்த இரண்டு வாத்தியார்களுக்கு அவனே கதவைத் திறந்தான். போன வாரம், காய்கிற தோசைக்கல்லில் உள்ளங்கையை வைத்தாள்.

"தவறிப் பட்டதா?"

"இல்லீங். என்ற மூஞ்சியப் பாத்துக்கிட்டே வெச்சா."



அடித்தாயிற்று, கெஞ்சியாயிற்று, பெற்றவளே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள் என்றான். இங்கே தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்களோடு இதுவும் ஒன்றாகக் கிடக்கட்டும் என்றான். வாசலில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் காதில் விழும்படிதான் சொன்னான். தரகனுக்குத் தணிந்த குரல் ஏது.

"மாடு வாங்கப் போனால் எதைப் பார்ப்பாய்?" என்றார் குரு.

அதைக் கேட்டதும் அவன் முதுகு நிமிர்ந்தது. சுழி பார்ப்பேன், பல் பார்ப்பேன், குளம்பு பார்ப்பேன் என்றான். எங்கே குறை என்றுதான் கண் போக வேண்டும். நல்லது கண்ணில் பட்டாலும் படாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். மெச்சினால் போச்சு, விலை ஏறிவிடும். பதினோரு வயதில் சாணி அள்ளப் போய், உதை வாங்கி வாங்கிக் கற்ற தொழில். வாங்குகிற இடத்தில் இன்றுவரை ஒரு மாட்டையும் வாய்விட்டு மெச்சியதில்லை என்றான். அதில் அவனுக்கு அத்தனை பெருமை.

"விற்கும்போது?"

"அப்ப வேற வாயிங் சாமி. நொண்டி மாட்டையும் நாலு நல்லது சொல்லித் தள்ளீருவேன்."

"இன்றைக்கு நீ தள்ளத்தான் வந்திருக்கிறாய்."

குரு அவன் தோளிலிருந்த துண்டை உருவினார். தன் வலது கைமேல் அதை விரித்துப் போட்டு, கையை நீட்டினார். சந்தையில் அப்படித்தான் பேரம் பேசுவார்கள். வாய் திறக்காமல், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து.

அவளிடம் இருக்கிற நல்லது ஒன்றுக்கு ஒரு விரல் பிடி என்றார். ஐந்தும் பிடித்துவிட்டால் பிள்ளை இங்கே இருக்கலாம்.

நாச்சிமுத்து சிரித்தான். இதெல்லாம் ஒரு பேரமா? கையைத் துண்டுக்குள் விட்டான்.

துண்டு அசையவில்லை.

பொய் சொல்லலாம், எத்தனை மாட்டுக்குச் சொன்னவன். ஆனால் பொய்க்கும் ஒரு துளி மெய் தெரிந்திருக்க வேண்டும். அவளுக்கு எதில் கை ஓடும்? எதற்குச் சிரிப்பாள்? அவளை அவன் பார்த்தது தோசைக்கல் அருகே. அதற்கு முன்னால் மாலை வந்த அன்று. அதற்கும் முன்னால் மாடு அவிழ்ந்த அன்று. நடுவில் இருந்த நாட்களில் அவள் முகம் எப்படி இருந்தது என்பதே அவனுக்கு ஞாபகமில்லை.

"ஒரு விரல்?" என்றார் குரு.

அவன் வாசலைப் பார்த்தான். பிள்ளை அங்கே இல்லை.

வாசலுக்கு எதிரே தொழுவத்தில் நின்றாள். ஆசிரமத்துச் செவலை மாடு பெரிய உதைகாலி. கறக்கிறவனே காலைக் கட்டிவிட்டுத்தான் கிட்டே போவான். நாச்சிமுத்துவையே ஒருமுறை சாய்த்திருக்கிறது. கட்டுப்போட்ட கையில் அதன் காதுமடலைத் தாங்கி, மறு கையால் அவள் உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தாள். என்னவோ முணுமுணுத்தபடி, ஒவ்வொன்றாக. மாடு கண்ணை மூடி நின்றது.

அப்படி ஒரு கை ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் வாய்க்கும். அது தெரியாவிட்டால் அவன் தரகனே இல்லை. எத்தனை நாளாக இந்தக் கை இவளிடம் இருக்கிறது?

அவன் துண்டை மறந்தான். அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் கை தானாக நகர்ந்து குருவின் சுண்டுவிரலைப் பிடித்தது.

அந்நேரம் கவுசி திரும்பினாள். அப்பா தன்னைப் பார்ப்பதைக் கண்டாள்.

மாட்டை விட்டாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டினாள்.

"நானு இன்னும் ஒண்ணும் பண்ணலீங்களேப்பா," என்றாள்.