பூட்டுக்கடை முதலாளி

ஆணும் பெண்ணும் சமம் என்பதை உலகத்திலேயே முதன்முதலில் கண்டுபிடித்தவர் மகுடவர்மன் என்ற மன்னர்தான். சந்தேகமிருந்தால் அவரே வெட்டி வைத்த கல்வெட்டைப் படித்துக்கொள்ளலாம். ஏழு இடங்களில் இருக்கிறது.

அந்த நாட்டில் அழகம்மை பூட்டுக்கடை வைத்திருந்தாள். இரும்பைக் காய்ச்சுவது, சாவிக்குப் பல் அராவுவது எல்லாம் அவளேதான். வருகிறவர்கள் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள்.

“வீட்டுக்காரர் இல்லையா?”

“இல்லீங்க.”

“அண்ணன் தம்பி?”

“யாரும் இல்லீங்க.”

“அப்ப நாளைக்கு வரேம்மா.”

நாளைக்கும் வரமாட்டார்கள்.

ஒருநாள் அவள் உள்ளறையில் ஒரு பானையைக் கவிழ்த்து, அதற்குத் தலைப்பாகை கட்டி, முன்னால் மூங்கில் தட்டியை இறக்கினாள். “முதலாளி உள்ளே இருக்கார். பேசமாட்டார்” என்றாள். அன்றிலிருந்து வியாபாரம் சூடுபிடித்தது. எல்லோரும் தட்டியைப் பார்த்துக் கேட்பார்கள், அவள் பதில் சொல்வாள், தட்டிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். மதியம் கடையைச் சாத்திவிட்டு அவள் பானைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுவாள். உப்பு போதுமா என்று அதுவும் கேட்டதில்லை.

அரசாங்கக் கஜானாவுக்குப் பூட்டு தேர்ந்தெடுக்கப் போட்டி வைத்தார்கள். அவள் செய்த பூட்டை அரண்மனைக் கொல்லர்கள் மூன்று நாள் முட்டியும் திறக்க முடியவில்லை. அமைச்சர் நம்பியின் மைத்துனர் செய்த பூட்டோ இருமினாலே திறந்துகொண்டது. வயிறு எரிந்த நம்பி, சபையில் அவள் முன்னாலேயே மன்னரிடம் சொன்னார்:

“பிரபு, சமம்தான், மறுக்கவில்லை. ஆனால் கஜானா விஷயம். ஆண்பிள்ளை ஒருவர் நேரில் வந்து பொறுப்பேற்க வேண்டாமா?”

மன்னர் யோசித்தார். “அதுவும் சரிதான். அழகம்மை, கடைத்தெருவே முதலாளி என்று ஒப்புக்கொள்ளும் ஆளை நாளை அழைத்து வா. இல்லையேல் கடையை மூடு.”

மறுநாள் அவள் தட்டியோடு சபைக்கு வந்தாள். தட்டிக்குப் பின்னால் தலைப்பாகை மங்கலாகத் தெரிந்தது.

“இவர்தான் முதலாளியா?” என்றார் மன்னர்.

“இவரேதான் பிரபு!” என்றார்கள் வியாபாரிகள். “தங்கமான மனுஷர்.”

“அமைச்சரையா, போன மாசம் பெட்டிக்குப் பூட்டு வாங்கினப்ப நீங்களும் இவர்கிட்டதானே பேசினீங்க?” என்றாள் அழகம்மை.

“ஆமாம்” என்றார் நம்பி. “கொஞ்சம் கறாரான ஆள். ஆனால் விஷயம் தெரிந்தவர்.”

அவள் தட்டியைத் தூக்கினாள்.

தலைப்பாகை கட்டிய பானை சபையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பிறகு மன்னர் சிரித்தார். சிம்மாசனம் ஆட ஆடச் சிரித்தார். “பானையிடமா பேரம் பேசினீர்! பானைக்கா விஷயம் தெரியும்!” கஜானா வேலையை அவளுக்கே கொடுத்து, பட்டும் பொன்னும் பரிசளித்தார். நம்பி தூணை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

சபை கலைந்தது. அழகம்மை பரிசை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். கூட வந்து தூக்க ஆளில்லை. பானையை எந்தப் பக்கம் இடுக்கிக்கொள்வது என்று பார்த்தாள்.

மன்னர் மெதுவாக இறங்கி வந்தார். சுற்றுமுற்றும் வேறு யாருமில்லை. குனிந்து, தலைப்பாகையிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“பூட்டு எத்தனை வருஷம் உழைக்கும் ஐயா?”

“முப்பது வருஷம்” என்றாள் அழகம்மை.

மன்னர் பானையைப் பார்த்து நிம்மதியாகத் தலையாட்டினார்.